முந்தின நாள் ஆறு மணிக்குக் கடையைச் சாத்துங்கள், அண்ணாச்சி

தியாகராய நகர், புரசைவாக்கம், மதுரை விளக்குத்தூண், கோவை ஒப்பணக்காரத் தெரு, திருச்சி என்.எஸ்.பி. சாலை, நெல்லை வண்ணார்பேட்டை என்று தமிழ்நாட்டின் கடைவீதிகளில் பெரிய ஜவுளிக்கடை நடத்தும் அண்ணாச்சிமாருக்கும் முதலாளிமாருக்கும்,

வணக்கம்.

உங்களைப் போன்ற ஒருவரின் கடையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். 1999-ல் பன்னிரண்டாவது முடித்த கையோடு சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து தி.நகருக்கு வந்தேன். எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஆறு பெண்கள் ஒரே ரயிலில் ஏறினோம். சுடிதார் செக்‌ஷனில் மூன்று வருஷம், புடவையில் ஆறு வருஷம். 2008-ல் கல்யாணமாகி வேலையை விட்டேன். இப்போது தாம்பரம் பக்கம் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். நான் இருந்த கடையின் பேரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த முதலாளி கெட்டவர் இல்லை. என் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து, இரண்டு மாதச் சம்பளத்தைக் கையில் வைத்துத்தான் அனுப்பினார். ஒரு முதலாளி நல்லவராக இருந்தால் தீர்ந்துவிடும் காரியம் என்றால் இது எப்போதோ தீர்ந்திருக்கும். எல்லோரும் சேர்ந்தால்தான் ஆகும் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் 6 மணிக்கு எல்லாக் கடைகளும் ஷட்டரை இறக்குங்கள். தீபாவளி அன்றும் அதற்கு மறுநாளும் திறக்காதீர்கள். இதை இரண்டு மாதத்துக்கு முன்பே வேலையாட்களிடம் சொல்லிவிடுங்கள்.

போன வருஷம் தீபாவளி அக்டோபர் 20. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நானே ஒரு பெரிய கடையில் கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தேன். மகளுக்கு எடுத்த டாப்ஸோடு லெகிங்ஸ் நிறம் ஒத்துப்போகவில்லை. மறுநாள் காலையில் போட வேண்டும் என்று அழுதாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண். காலையில் வைத்த பூ வதங்கி, கொண்டை ஊசியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்று, கொஞ்ச நேரத்தில் மறுகாலுக்கு மாற்றினாள். அந்த நிற்பு எனக்குத் தெரியும். அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி, புதுசு. அதன் மேல் இடுப்பு உயரத்துக்கு லெகிங்ஸ் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். "எந்த ஊரும்மா?"

"சங்கரன்கோவில் பக்கம்க்கா. குருவிகுளம்."

"தீபாவளிக்குப் போகலையா?"

"போன வருஷமும் போகலக்கா. பொங்கலுக்கு அனுப்புறேன்னு சொல்லிருக்காங்க."

கேட்டுக்கொண்டே நாலு நிறத்தை எடுத்துப் போட்டாள். மகள் அதில் எதுவும் வேண்டாம் என்றாள். இன்னும் ஆறு வந்தது. நான் பில் போட்டு வெளியே வந்தபோது மணி பத்து. எனக்குப் பின்னாலும் ஜனம் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. வீட்டுக்கு வந்தும் அந்த நாற்காலி கண்ணைவிட்டுப் போகவில்லை. அவளை அந்த நேரத்தில் அங்கே நிற்க வைத்தவர்களில் நானும் ஒருத்தி. அதைத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

எனக்கு மறக்காதது 2003 தீபாவளி. முந்தின நாள் காலை எட்டரைக்கு செக்‌ஷனில் ஏறினோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிஷம், அதுவும் நாலு மணிக்கு. ராத்திரி பதினொன்றரைக்கு வாசல் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் வாங்கி முடித்துக் கடைசி பில் போட்டபோது மணி பன்னிரண்டே முக்கால். ஜனம் போய்விட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். புடவை செக்‌ஷன்காரிக்கு அப்போதுதான் அடுத்த வேலை. அன்றைக்கு விரித்துப் போட்டதெல்லாம் மேடையில் மலையாகக் கிடக்கும். ஒவ்வொன்றாக முந்தானை எடுத்து, மடிப்புப் பிடித்து, ரகம் பிரித்து, அட்டை வைத்து, ராக்கில் ஏற்ற வேண்டும். மடித்து முடித்தபோது மூன்று மணி. காலில் செருப்பு ஏறவில்லை. கையில் எடுத்துக்கொண்டு ஹாஸ்டல்வரை வெறுங்காலோடு நடந்தோம்.

எங்கள் செக்‌ஷனில் சிவகிரியிலிருந்து வந்த ஓர் அக்கா இருந்தாள். ஊரிலிருந்து வரும்போதே ஒரு சின்ன பாட்டிலில் நல்லெண்ணெய் கொண்டு வந்திருந்தாள், தீபாவளிக்கென்று. காய்ச்ச அடுப்பில்லை, மெஸ் பூட்டியிருந்தது. பச்சை எண்ணெயையே உள்ளங்கையில் ஊற்றி, ஹாலில் படுத்திருந்த பதினெட்டுப் பேர் உச்சந்தலையிலும் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள். "தூங்காதிங்கட்டி, குளிச்சிட்டுத் தூங்குங்க" என்றாள். இரண்டே இரண்டு குளியலறை. என் முறை வருவதற்குள் எண்ணெய்த் தலையோடு தூங்கிப்போனேன். வெளியே முதல் சரவெடி கேட்டது லேசாக ஞாபகம் இருக்கிறது. எழுந்தபோது மத்தியானம் ஒரு மணி. கடையில் எங்களுக்குக் கொடுத்த புதுச் சுடிதார் கட்டைப்பைக்குள் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கடை திறந்தார்கள். சைஸ் மாற்ற வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

ஒன்பது தீபாவளியில் இரண்டுக்குத்தான் ஊருக்குப் போனேன். ஒன்று அப்பா செத்த வருஷம். அந்த வருஷம் எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது.

அப்பா ஊர்த் தையல்காரர். தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி முழிப்பது எங்கள் வீட்டுக்குப் புதுசில்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் அப்பாவின் மிஷின் நிற்காது. நானும் தம்பியும் பள்ளிக்கூடம் விட்டு வந்து காஜா எடுப்போம், பட்டன் தைப்போம். கடைசிச் சட்டையைக் கொடுத்து முடிக்கப் பன்னிரண்டு, ஒரு மணி ஆகும். எங்கள் துணி அதற்கப்புறம்தான் மிஷினில் ஏறும். ஆனாலும் நாலு மணிக்கு அம்மா வெந்நீர் போட்டுவிடுவாள். அப்பாவின் தலையில் அவள் எண்ணெய் வைப்பாள், எங்கள் தலையில் அப்பா வைப்பார். வேலை இருந்தது, வேலைக்கு ஒரு முடிவும் இருந்தது, முடிந்த இடம் எங்கள் வீட்டு முற்றம். அதனால்தான், பண்டிகைக்கு உழைக்கிறவன் எந்தக் காலத்திலும் உழைத்துக்கொண்டுதானே இருந்தான் என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

அந்தத் துணி எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே தானிலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் சட்டை. வளர்கிற பிள்ளை என்று உள்ளே மடித்துத் தைத்திருக்கும். அடுத்த வருஷம் அந்த மடிப்பைப் பிரித்து இறக்கிவிடுவார்கள். தைத்த துணியை மனைப்பலகையில் வைத்து, ஓரத்தில் மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்துவிடுவார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறவரை யாரும் தொடக் கூடாது. அப்புறம் ஆச்சி தன் கையால் எடுத்துக் கொடுப்பாள். காலில் விழுந்து வாங்க வேண்டும். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது சட்டை எடுக்கக் காசில்லாததால்தான் ஒரு சட்டை. என் மகளுக்கு அந்த இல்லாமை வேண்டவே வேண்டாம். ஆனால் இப்போது அவள் தீபாவளித் துணியை முதல் தடவை போடுவது உங்கள் டிரையல் ரூமில். அங்கேயே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிடுகிறாள். காலையில் நான் மஞ்சள் தடவி அவள் கையில் கொடுக்கும்போது, அது பத்து நாளாக அவளுக்குப் பழகிய துணி.

இந்த மாற்றம் தானாக வந்ததில்லை, அண்ணாச்சி. கவுண்டருக்குள் நின்று பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். நான் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் எங்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஒரு புடவை பிடித்துவிட்டது என்று கஸ்டமர் எடுத்து ஓரமாக வைத்தால் உடனே பில் போடக் கூடாது. இன்னும் இரண்டைப் பிரித்துப் போட வேண்டும். "காலையில கட்ட இது ஆச்சுக்கா, சாயங்காலத்துக்கு ஒன்னு எடுக்கலையா?" என்று கேட்க வேண்டும். முதல் வருஷம் நாங்கள் கேட்டபோது நிறையப் பேர் முழித்தார்கள். சாயங்காலத்துக்கு எதற்குத் தனியாக என்று சிலர் திருப்பிக் கேட்டார்கள். நான் வேலையை விடும் வருஷத்தில் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே வரும்போதே, "காலைக்கு ஒன்னு, சாயங்காலத்துக்கு ஒன்னு, ஆபீஸ் பங்ஷனுக்கு ஒன்னு" என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார்கள்.

பரிசுகளும் அப்படித்தான். இத்தனை ஆயிரத்துக்கு எடுத்தால் பக்கெட், இத்தனைக்கு ஹாட் பாக்ஸ், அதற்கு மேலே போனால் குலுக்கல் கூப்பன். ஒரு பாட்டி வந்திருந்தார். பேரன் பேத்திகளுக்கெல்லாம் எடுத்து, கணக்குப் பார்த்துச் சேலை முந்தியில் முடிந்திருந்த பணத்தைக் கொடுத்தார். 4,600 ரூபாய். 5,000 ஆக்கினால் பக்கெட் உண்டு என்று கேஷில் சொன்னார்கள். பாட்டி அந்தக் கூட்டத்தில் மறுபடியும் இரண்டு மாடி ஏறி என்னிடம் வந்தார். "நானூறு ரூவாய்க்கு எதாச்சும் குடு தாயி." நான் கொடுத்தேன். யாருக்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவர் படி இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பஸ்ஸுக்கு வைத்திருந்த காசையும் சேர்த்துக் கொடுத்திருப்பாரோ என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு என் தையல் கடை அலமாரியில் பதினொரு பிளவுஸ் இருக்கிறது. எல்லாம் போன தீபாவளிக்குத் தைத்தவை. ராத்திரி பகலாக அவசரப்படுத்தித் தைக்கச் சொன்னார்கள். இன்னும் வந்து வாங்கவில்லை. கூலி வராதது ஒரு பக்கம் இருக்கட்டும். போன் பண்ணினேன். ஒரு பெண், "அது எந்தப் புடவைக்குக்கா?" என்று என்னையே கேட்டாள். நிறத்தைச் சொன்னேன், ஞாபகம் வரவில்லை. அந்தப் புடவையை விற்பதற்காக எங்கேயோ ஒரு பெண் நள்ளிரவுவரை நின்றிருப்பாள். கட்டப்போகிறவளுக்கே நினைவில்லாத புடவை.

பண்டிகைக்கு முன்னால் மூன்று வாரம் கூட்டம் என்றால் அதைத் தாங்கிக்கொள்ளலாம். இப்போது ஆடியிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது, கையில் இருந்ததை விதைப்புக்குப் போட்டிருப்பார்கள், வியாபாரம் மந்தமாக இருக்கும். தேங்கிய சரக்கைத் தள்ளத்தான் ஆடித் தள்ளுபடி வந்தது. அந்த மந்தம் கடைக்காரருக்கு நஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலையாளுக்கு லீவு கிடைத்தது அந்த மந்தத்தில்தான். எங்கள் ஊருக்கு ஆடிதான் பெரிய மாதம். சங்கரன்கோவிலில் ஆடித்தபசு. ஹரியும் சிவனும் ஒன்றாக நிற்கிற காட்சியைப் பார்க்கக் கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவம் இருந்த திருவிழா. கொடியேறியதும் அம்மாவும் நானும் ஆடிச்சுற்று சுற்றப் போவோம். நூற்றெட்டுச் சுற்று முடிக்கக் கால் கடுக்கும், அப்போது அது கடுப்பாகவே தெரியாது. கடையில் சேர்ந்த ஒன்பது வருஷத்தில் ஒரு தபசுகூட நான் பார்க்கவில்லை. ஆடிக்கு லீவு கிடையாது என்று ஜூன் மாதமே போர்டில் எழுதிவிடுவார்கள். ஆடி முடிந்தால் ஆவணி முகூர்த்தம், அப்புறம் ஆயுதபூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல். மந்தமான மாதம் என்று ஒன்றும் மிச்சமில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு புதுப் பிரிவு சேர்த்தார்கள். வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்கிறது அது. அதற்கு மூன்று வருஷம் முன்னால் கேரளா அப்படி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. கோழிக்கோட்டில் தையல் வேலை பார்த்த விஜி என்பவரும் 'பெண்கூட்டு' என்று அவர் சேர்த்த கடைப் பெண்களும் பல வருஷம் போராடியதில் கிடைத்தது. உட்காரும் உரிமைக்கான அந்தப் போராட்டம் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டபோது, என் இடது காலில் நரம்புச் சுருட்டலுக்கு ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டிருந்தது. சட்டம் வந்த செய்தியைப் பார்த்த அன்று அழுதுவிட்டேன். அந்தச் சட்டத்தால் வந்த நாற்காலிதான் நான் போன வருஷம் பார்த்தது. உங்கள் கடையில் ஒருமுறை எல்லா மாடிக்கும் நீங்களே ஏறிப் பாருங்கள், மேனேஜரை அனுப்பாமல். நாற்காலி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அதன் மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

2019-ல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடைகள் வருஷம் முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசு அனுமதி கொடுத்தது. 2022-லும் 2025-லும் அதை நீட்டித்தது. அதிலும் நிபந்தனை உண்டு. சாதாரணமாகப் பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. எழுத்தில் சம்மதம் வாங்கி, பாதுகாப்பும் ஏற்பாடு செய்தால்தான் வாங்கலாம். ஹாஸ்டலும் சாப்பாடும் கடையுடையதாக இருக்கும்போது, சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எந்தப் பெண் சொல்வாள்? 1958-ல் வந்த பண்டிகை விடுமுறைச் சட்டம் ஐந்து பண்டிகை நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தருகிறது. தீபாவளி அன்றைக்கு ஒரு நாள் சாத்திவிட்டால் அந்தச் சட்டப்படி நீங்கள் சரியாகத்தான் இருக்கிறீர்கள். ஆனால் தி.நகரிலிருந்து சங்கரன்கோவில் சுமார் 600 கிலோமீட்டர். முந்தின நாள் நள்ளிரவில் விட்டுவிட்டு, மறுநாள் காலை ஒன்பதரைக்கு வா என்றால் அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்? 2024-ல் தீபாவளி வியாழக்கிழமை வந்தபோது, ஊருக்குப் போகிறவர்கள் நிம்மதியாகத் திரும்பட்டும் என்று நவம்பர் 1 வெள்ளிக்கிழமையை அரசு விடுமுறையாக்கியது. 2025-ல் அக்டோபர் 21-ஐயும் அப்படியே விட்டது. ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை பார்த்தார்கள், அவ்வளவுதான். அரசு ஊழியருக்கு ஊர் இருக்கிறது என்று அரசுக்குத் தெரிகிறது. துணி மடிக்கிற பெண்ணுக்கும் ஊர் இருக்கிறது.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்களை நான் அறிவேன். எதிர்க்கடை திறந்திருக்கும்போது நான் மட்டும் எப்படிச் சாத்துவது என்பீர்கள். நியாயம்தான். அதற்காகத்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல். மே 5 வணிகர் தினத்துக்கு ஊர் ஊராகக் கடையடைத்து மாநாடு போகிறீர்களே. தேர்தல் அன்று சாத்துகிறீர்கள். சங்கம் ஒரு முடிவெடுத்தால் ஒரு தெருவே ஒரே நேரத்தில் ஷட்டர் இறக்குவதை நான் ஹாஸ்டல் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆறு மணிக்குக் கடை சாத்தும் என்று ஒரு மாதம் முன்பே நீங்கள் விளம்பரத்தில் சொன்னால் ஜனம் ஐந்து மணிக்குள் வந்துவிடும். துணி எடுக்காமல் யாரும் இருந்துவிடப் போவதில்லை. ஆன்லைன்காரன் ராத்திரி பூராவும் விற்கிறான் என்பீர்கள். மறுநாள் விடியற்காலைக்குச் சட்டை வேண்டும் என்றால் அவனாலும் கொடுப்பது கஷ்டம்தான். அந்தக் கடைசி ராத்திரி முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஒரு பதிலுக்குத்தான் என்னிடம் சுலபமான பேச்சு இல்லை. கடைசி ராத்திரி வருகிறவர்களில் அன்றைக்குத்தான் கையில் காசு வந்தவர்களும் இருப்பார்கள். சுடிதார் செக்‌ஷனில் இருந்தபோது ஒரு கொத்தனார் வந்தார், ராத்திரி பத்தரை மணி இருக்கும். சட்டையில் சிமெண்ட் காயவில்லை. சட்டைப் பையிலிருந்து சணல் கயிறு ஒன்றை எடுத்தார். அதில் மூன்று முடிச்சு. கயிற்றின் நுனியிலிருந்து முதல் முடிச்சுவரை சின்னவளுக்கு, இரண்டாவதுவரை நடுவுள்ளவளுக்கு, மூன்றாவது பெரியவளுக்கு. தோளிலிருந்து முழங்கால்வரை பிள்ளைகளை நிறுத்தி அளந்து முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருக்கிறார். மேஸ்திரி ஒன்பது மணிக்குத்தான் கூலி கொடுத்தாராம். மூன்று பாவாடை சட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் கயிற்றில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். ஆறு மணிக்குக் கடை சாத்தியிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வருஷம் புதுத் துணி இல்லை.

இதைப் பல நாள் யோசித்தேன். அவருக்காகக் கடையைத் திறந்து வைக்க வேண்டும் என்பதைவிட, அவருக்குக் கூலியும் போனஸும் நாலு நாள் முன்னால் வர வேண்டும் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. போனஸ் கொடுக்கக் கணக்கு வருஷம் முடிந்து எட்டு மாதம்வரை சட்டம் நேரம் கொடுக்கிறது. மார்ச்சில் கணக்கு முடித்தவர்களுக்கு நவம்பர் கடைசிவரை. தீபாவளிக்கு முன்னால் கொடுப்பது நம் ஊர் வழக்கம். அதை இரண்டு வாரம் முன்னால் கொடுங்கள் என்று மற்ற முதலாளிமாரிடம் பேசக்கூடிய இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். முதலில் உங்கள் வேலையாட்களுக்கு அப்படிக் கொடுங்கள். அதற்கப்புறமும் கடைசி ராத்திரியில் வருகிறவர்களுக்கு ரங்கநாதன் தெருவின் நடைபாதைக் கடைகள் இருக்கும். அந்த வியாபாரம் அவர்களுக்கே போகட்டும். வருஷத்தில் அவர்களுக்கு நாலு காசு பார்க்கக் கிடைப்பது அந்த ஒரு ராத்திரிதான்.

இப்போது ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருக்கிறது. உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆனாலும் இந்த ஒரு கணக்கை மட்டும் பாருங்கள். இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சனிக்கிழமை. வருஷத்திலேயே பெரிய வியாபார நாளாக அது இருக்கும் என்று நீங்கள் இப்போதே கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆறு மணிக்கு விட்டால் ஏழரைக்கு எழும்பூர் போய்விடலாம். பொதிகை, நெல்லை என்று எங்கள் பக்கத்துக்கு ராத்திரி வண்டிகள் இருக்கின்றன. விடிந்த பிறகு போய்ச் சேர்ந்தாலும் வெந்நீர் ஆறாமல் இருக்கும். அம்மாக்கள் அடுப்பை அணைக்க மாட்டார்கள்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. நவம்பர் 7 வண்டிக்குச் செப்டம்பர் 8 காலை 8 மணிக்குத் திறக்கும். சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். லீவு உண்டா இல்லையா என்று அக்டோபர் கடைசியில் சொன்னால் எங்கள் பெண்களுக்கு டிக்கெட் கிடைக்காது. அதனால் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் சங்கத்தில் கூடிப் பேசி, ஒரு தாளில் எழுதி, ஹாஸ்டல் கதவில் ஒட்டிவிடுங்கள். எட்டாம் தேதி காலையில் மட்டும் எட்டரைவரை அவர்கள் கையில் போன் இருக்கட்டும்.

இப்படிக்கு,
புடவை செக்‌ஷனில் இருந்த ஒருத்தி,
தாம்பரம்